சாப்பிட்டாச்சு என்று சொன்னேன்

தில்லைநகர் அலுவலகத்து மாடியில், புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேரையும் போன வாரம் பார்த்தேன். ஆளுக்கொரு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அட்டைக்கடியைப் பற்றியும் ஆற்று வெள்ளத்தைப் பற்றியும் நான் சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தீர்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லி, டீயை மட்டும் குடித்துவிட்டு வந்துவிட்டேன். தொண்டைக்கு ஒன்றும் இல்லை. சொல்லவேண்டிய விஷயத்தை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கைலாசபுரத்தில் வளர்ந்தவள். அப்பா தொழிற்சாலையில் வெல்டர். டிக்கெட் போடும் பெண்ணாக இந்தத் தொழிலுக்குள் வந்து, பிறகு இருபத்தொரு வருடம் சிறு குழுக்களைக் காட்டுக்கும் தீவுக்கும் கூட்டிப்போனேன். ஒரு குழுவில் எட்டுப் பேருக்கு மேல் ஏற்றியதில்லை. அந்தமானில் கடல் சீறியபோதும், மேகமலைப் பக்கம் யானை வழியை மறித்தபோதும் கை நடுங்காமல் நின்றிருக்கிறேன். கயிறு கட்டுவது, படகில் ஏற்றுவது, கூடாரம் போடுவது எல்லாம் கையேட்டில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது கையேட்டில் இல்லாத ஒன்று. ஒரு வயதான அம்மாளை நான் சாகடிக்கப் பார்த்த கதை அது. ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள்.

அந்த அம்மாளின் பெயர் வேதவல்லி. ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் வீடு. பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மழைக்காடு என்ற பாடத்தை வருடா வருடம் நடத்தியும், ஒரு மழைக்காட்டைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை என்ற குறை அவருக்கு. மகன் சாரதி வங்கியில் வேலை பார்ப்பவர். அவர்தான் எங்கள் போர்னியோ தீவுப் பயணத்துக்கு, அறுபத்தாறு வயதான அம்மாவின் பெயரைக் கொடுத்தார்.

வேதவல்லி மாமியைப் பற்றி இரண்டு விஷயங்கள் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒன்று, தானே சமைத்ததைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்கமாட்டார். திருச்சி விமான நிலையத்தில் அவர் பெட்டியை எடை போட்டபோது நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். குட்டி மின்சார குக்கர், எவர்சில்வர் சொம்பு, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, மண்ணச்சநல்லூர் மில்லில் நேராக வாங்கிய அரிசி ஐந்து கிலோ. மாற்றுப் புடவை இரண்டே இரண்டு. இன்னொன்று, அவருக்குச் சர்க்கரை நோய். தினமும் காலையில் மாத்திரை உண்டு. உடல்நலப் படிவத்தில் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார், நானும் படித்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

கிளம்புவதற்கு முன்னால் எட்டுப் பேரையும் அதே தில்லைநகர் மாடியில் உட்காரவைத்து, நாம் தங்கப்போகும் இபான் மக்களைப் பற்றிச் சொன்னேன். ஆற்றங்கரையில் ஒரே கூரையின் கீழ் இருபது குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் நீளமான மரவீடு அவர்களுடையது. நாங்கள் போகும் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளிக்குச் சோறு நீட்டினால், அவர் சாப்பிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் விரலாலாவது தொட வேண்டும். தொடாமல் வெளியே போனால் அந்த விருந்தாளிக்கு ஆற்றிலோ காட்டிலோ ஆபத்து வரும் என்பது அவர்கள் நம்பிக்கை.

"சாப்பிட வேணாம், தொட்டா போதுங்க. தொடாம மட்டும் இருக்காதீங்க" என்று அழுத்திச் சொன்னேன்.

மாமி கையைத் தூக்கினார். "தொட்டா நான் குளிக்கணுமேடி சாந்தி. அங்க எங்க போய்க் குளிக்கறது?"

"ஆறு இருக்கு மாமி. முதலையும் இருக்கு" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். மாமியும் சிரித்தார்.

"அங்க போய்ப் பார்த்துக்கலாம் மாமி" என்று நான் பேச்சை முடித்தேன். இந்தத் தொழிலில் 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று நீங்கள் எதையெல்லாம் தள்ளுகிறீர்களோ, அதெல்லாம் அங்கே உங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

பயணத் தேதியை நான்தான் குறித்தேன். மழை குறையும் மாதமா என்று பார்த்தேன். ஆற்றில் படகு போகிற அளவுக்குத் தண்ணீர் இருக்குமா என்று கேட்டேன். விமானத்தில் இடம், தங்குமிடம், அங்குள்ள பள்ளி விடுமுறை எல்லாவற்றையும் விசாரித்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருவரை ஏற்றிக்கொண்டு போகிறோமே, பஞ்சாங்கத்தை ஒரு தடவை புரட்டுவோம் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பதைத் தவிர வேறு திதி எதுவும் கிடையாது.

கோலாலம்பூர் போய், அங்கிருந்து இன்னொரு விமானம், பிறகு ஜீப், பிறகு மூன்று மணி நேரம் படகு. நான்காம் நாள் மாலை நான்கு மணிக்கு அந்த நீள்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமி அன்று மதியம் ஆற்றங்கரை ஊரில் தன் குக்கரில் சமைத்துச் சாப்பிட்டிருந்தார்.

எங்களை வரவேற்றவள் ஜெலியா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், குள்ளமான, வேகமான பெண். பினாங்கில் இருந்த என் சித்தப்பாவிடம் கற்ற உடைந்த மலாய் மொழியில்தான் நான் அவளோடு பேசுவேன். மூங்கில் குழாயில் வேகவைத்த சோற்றை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு அவளே ஒவ்வொருவரிடமும் வந்தாள். ஒருவர் ஆசையாக இரண்டு கவளம் எடுத்தார். ஒருவர் விரலால் தொட்டு உதட்டில் வைத்துக்கொண்டார். கடைசியாக மாமி. மாமி தூணோரம் கைகளை மடியில் கோத்தபடி உட்கார்ந்திருந்தார். தட்டு முன்னால் வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருடம் வகுப்பை அடக்கிய கண்கள், அந்த நேரத்தில் என்னைக் காப்பாற்று என்று கெஞ்சின.

நான் சட்டென்று நடுவில் புகுந்தேன். "சுடா மாக்கான்" என்றேன். மலாயில் 'சாப்பிட்டாச்சு' என்று அர்த்தம்.

"தொட்டாரா?" என்று கேட்டாள் ஜெலியா.

"தொட்டாச்சு. நீ அந்தப் பக்கம் திரும்பியிருந்தாய்."

ஜெலியா தட்டைப் பார்த்தாள். மாமியின் கைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டாள். மாமி பெருமூச்சு விட்டார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. யார் மனமும் நோகவில்லை, யார் ஆசாரமும் கெடவில்லை, ஒரு வாக்கியத்தில் விஷயத்தை முடித்துவிட்டேன் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

நம் ஊரில் இது ஒரு பொய்யா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் ஒரு வீட்டுக்குப் போய், "இப்பதாங்க சாப்பிட்டு வரேன்" என்று சொல்லாதவர் நம்மில் யார்? வயிறு கூவும்போதே சொல்வோம். கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். அந்தப் பழக்கத்தைத்தான் நான் பெட்டியில் போட்டு, கடல் தாண்டிக் கொண்டுபோயிருந்தேன்.

மறுநாள் காலை எட்டு மணி. மேலாற்றில் இருக்கும் அருவிக்குப் போகத் தயாரானோம். என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. குழுவில் யார் யாருக்கு மாத்திரை உண்டோ, அவர்களை வரிசையாக நிற்கவைத்து என் கண் முன்னால் விழுங்கவைப்பேன். வெளியூரில் வயதானவர்கள் மாத்திரையை மறந்துவிடுகிறார்கள் என்பதற்காக நானே கண்டுபிடித்த முறை. அலுவலகத்தில் இதற்காக என்னைப் பாராட்டியிருக்கிறார்கள்.

மாமியின் முறை வந்தது. "இன்னிக்கு மாத்திரை வேண்டாம்டி சாந்தி. இன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தார்.

"கதையெல்லாம் வேணாம் மாமி. படகு காத்துட்டு இருக்கு. முழுங்குங்க."

"அதில்லடி, சொல்றதைக் கேளு..."

"எல்லாரும் உங்களுக்காகத்தான் நிக்கிறாங்க."

மாமி சுற்றிப் பார்த்தார். ஏழு பேர் உயிர்காக்கும் உடுப்பை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். "சரி, நீதானே இங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, சொம்புத் தண்ணீரில் மாத்திரையை விழுங்கினார். நான் பட்டியலில் ஒரு டிக் போட்டேன். அந்தத் தாள் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

இரண்டு படகுகள். முன் படகில் நான்கு பேர், உள்ளூர் வழிகாட்டி, மதியச் சாப்பாடு, முதலுதவிப் பெட்டி. பின் படகில் மாமி, ஒரு கணவன் மனைவி, அந்த மனைவியின் தங்கை, நான். படகை ஓட்டியவன் ஜெலியாவின் தம்பி. கிளம்பும் நேரத்தில் ஜெலியா ஒரு கூடையோடு வந்து எங்கள் படகில் ஏறினாள். நேராக மாமிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. எடைக்கணக்கு போட்டுத்தான் ஆட்களைப் பிரித்திருந்தேன். ஓசியில் எங்கோ சந்தைக்குப் போகிறாள், இல்லையென்றால் ஊர் திரும்பும்போது தனியாக ஏதாவது எதிர்பார்க்கிறாள் என்று நினைத்தேன். "கொஞ்சம் பின்னால் போய் உட்கார்" என்று கடுமையாகவே சொன்னேன். அவள் எழுந்து பின்னால் போனாள். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் மெதுவாக நகர்ந்து மாமிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

முதல் இரண்டு மணி நேரம் மாமிக்கு உற்சாகம். கரையில் இருக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் லத்தீன் பெயர் சொன்னார். இலையின் நுனி ஏன் கூராக இருக்கிறது, மழைத்தண்ணீர் வழிந்தோட அது எப்படி உதவுகிறது என்று அந்தத் தங்கைக்கு வகுப்பே எடுத்தார். பத்தரை மணி வாக்கில் பேச்சு குறைந்தது. வெயில் என்று நினைத்தேன். பிறகு வேர் தொங்கும் பெரிய அத்தி மரம் ஒன்றைக் காட்டி, "பாரு, நாணல்" என்றார். நான் சிரித்தேன். மாமி கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டேன்.

"மாமி, நாணலா அது?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. "கொள்ளிடத்துல தண்ணி இவ்வளவு வந்துடுத்தே" என்றார். "ராஜகோபுரத்தைக் காணமே. கோபுரம் எங்க? ஏன் மறைக்கறேள்?"

மாமியின் நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை ஆறாக ஓடியது. கை தொட்டால் ஜில்லென்று இருந்தது, விரல்கள் வெடவெடவென்று நடுங்கின. வார்த்தை குழறியது. பக்கவாதம் என்று முடிவு செய்துவிட்டேன். முன் படகு ஆற்றின் திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டது. நான் கத்திய கத்தல் இன்ஜின் சத்தத்தில் கரைந்தது. போனில் சிக்னல் கிடையாது. மருத்துவமனை இருக்கும் ஊர் கீழாற்றில், குறைந்தது நான்கு மணி நேரம். "திருப்பு, படகைத் திருப்பு" என்று ஜெலியாவின் தம்பியிடம் அலறினேன்.

ஜெலியா என் தோளைத் தொட்டாள். "இவர் சாப்பிட்டாரா?" என்று கேட்டாள்.

இனி வருவதை நீங்கள் நிறுத்திப் படிக்க வேண்டும். ஒரு உயிர் என் மடியில் சரிந்துகொண்டிருந்தது. ஒருத்தி சரியான கேள்வியைக் கேட்டுவிட்டாள். அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"சாப்பிட்டாச்சு" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. நேற்று சொன்னதை இன்று எப்படி மாற்றுவது என்ற வெட்கம் மூளைக்கு முன்னால் நாக்குக்கு வந்துவிட்டது. அந்தக் கணவன் மனைவி வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தொரு வருடம் ஆபத்தில் நிதானமாக இருப்பவள் என்று பெயர் வாங்கியவள் நான். என் நிதானத்தின் லட்சணம் அதுதான்.

ஜெலியா வாதாடவில்லை. கூடையைத் திறந்தாள். உள்ளே வேறு எதுவும் இல்லை, ஒரே ஒரு இலைப் பொட்டலம். பிரித்தாள். நேற்றைய மூங்கில் சோறு, அதன்மேல் அவர்கள் ஊர்ப் பனைவெல்லம் கருப்பாக, குழம்பாக ஊற்றியிருந்தது. தொட்டதாக ஆகட்டும் என்பதுபோல ஒரு பருக்கையை எடுத்து மாமியின் முழங்கையில் வைத்தாள். பிறகு கொஞ்சம் எடுத்து வாயருகே கொண்டுபோனாள்.

நினைவு தப்பிக்கொண்டிருந்த மாமி, சோற்றைப் பார்த்ததும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். "மாட்டேன்... ஏகாதசி" என்றார். "இன்னிக்கு ஏகாதசிடி."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஏகாதசி. அன்று முழுக்கப் பட்டினி. முந்தைய நாள் தசமி, அன்றைக்கும் மதியம் ஒருவேளைதான். நேற்று மதியத்திலிருந்து இந்த அம்மாள் வயிற்றில் ஒன்றும் இல்லை. "இன்னிக்கு மாத்திரை வேண்டாம்டி" என்று அவர் சொல்ல வந்தது இதைத்தான். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையை அதட்டி விழுங்கவைத்து டிக் போட்டவள் நான். பக்கவாதம் இல்லை. ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கிக்கொண்டிருக்கிறது. சாப்பிட்டுவிட்டார் என்று நான் சொன்னதையே நம்பி, நான்கு மணி நேரத் தொலைவில் இருக்கும் மருத்துவமனைக்குப் படகைத் திருப்பச் சொல்லியிருக்கிறேன். போய்ச் சேரும்போது கரையில் இறக்க உயிர் இருந்திருக்காது.

"சாப்பிடலை!" என்று கத்தினேன். தமிழில் கத்தினேன். பிறகு மலாயில் சொன்னேன். "சாப்பிடவில்லை. நேற்றும் தொடவில்லை. நான் பொய் சொன்னேன்."

ஜெலியா தலையை மட்டும் ஆட்டினாள்.

மாமியின் வாய் இறுக மூடியிருந்தது. சோற்றைத் திணித்தால் புரையேறிவிடும், அது எனக்குத் தெரியும். சோற்றின் மேலிருந்த வெல்லத்தை விரலால் வழித்தேன். வெல்லத்தோடு பருக்கைகளும் ஒட்டிக்கொண்டு வந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க நேரம் ஏது? மாமியை ஒருக்களித்துச் சாய்த்து, கன்னத்தின் உட்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினேன். வழித்தேன், தடவினேன். ஜெலியா மாமியின் தலையைத் தாங்கிக்கொண்டாள். அந்தத் தங்கை வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். நான் அழவில்லை, எனக்கு அழுகை வரும் வழியே அடைத்துப் போயிருந்தது.

எத்தனை நிமிடம் என்று தெரியாது. மாமி விழுங்க ஆரம்பித்தார். இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். கையின் நடுக்கம் அடங்கியது. கண் என்னை அடையாளம் கண்டுகொண்டது.

"என்னடி இப்படி முழிக்கறே?" என்றார்.

பின்னால் படகு வரவில்லை என்று பார்த்து முன் படகும் திரும்பி வந்துவிட்டது. முதலுதவிப் பெட்டியிலிருந்த குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தோம். மாமி எழுந்து உட்கார்ந்து முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். உதட்டோரம் ஒட்டியிருந்த ஒரு பருக்கை விரலில் வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என் வாயில என்ன போட்டே?"

ஏகாதசியன்று சோறு சாப்பிட்டுவிட்டோம் என்று தெரிந்தால் இந்த அம்மாள் மனம் உடைந்து போவார் என்று நினைத்தேன். நினைத்ததும் வாய் தயாராக இருந்தது.

"வெல்லம் மாமி. வெல்லம் மட்டும்தான்."

அவர் பருக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கையை ஆற்றில் கழுவிக்கொண்டார்.

கீழாற்று ஊரின் மருத்துவமனைக்கு மாமியைக் கொண்டுபோனோம். ஜெலியா அங்கேயும் வந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, ஆபத்து தாண்டிவிட்டது, இரண்டு நாள் கவனமாக இருக்க வேண்டும் என்றார். வெளியே பெஞ்சில் ஜெலியாவின் தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "உன் அக்காவுக்கு இங்கே சந்தையில் வேலை இருந்தால் பார்த்துக்கொண்டு வரட்டும்" என்றேன்.

"சந்தையா? எங்கள் வீட்டில் இது அறுவடை வாரம். வயலில் எல்லோரும் இவளைத் தேடிக்கொண்டிருப்பார்கள்" என்றான். "அந்த அம்மா தொடவில்லை என்று நேற்றே பார்த்துவிட்டாள். தொடாதவர் ஆற்றில் போகக்கூடாது. போனால், வீட்டுக்காரர் சோற்றை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போக வேண்டும். அதனால்தான் வந்தாள்."

"தொட்டுவிட்டார் என்று நான் சொன்னேனே?"

"விருந்தாளி சொல்வதை வீட்டுக்காரர் இல்லை என்று சொல்லலாமா?" என்று அவன் என்னைத் திருப்பிக் கேட்டான். நான் கேட்டது அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

ஓசிப் பயணம் என்று நினைத்தேனே. பின்னால் போய் உட்கார் என்று விரட்டினேனே. என் முகம் வாடக்கூடாது என்பதற்காக ஒருத்தி, அறுவடையை விட்டுவிட்டு, ஒரு பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு, பேர் தெரியாத கிழவியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறாள். கூசிப் போனேன். கூசியது என்பதெல்லாம் சின்ன வார்த்தை. எழுந்து போய் ஜெலியாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். என் மலாயில் அதற்கு மேல் வார்த்தை இல்லை.

திருச்சிக்குத் திரும்பி இரண்டு வாரம் கழித்து ஸ்ரீரங்கம் போனேன். இந்த முறை கேலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். ஏகாதசி முடிந்து மறுநாள், துவாதசி. சாரதி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கோ வாங்கோ. நீங்க மட்டும் இல்லேன்னா அம்மாவை நாங்க பார்த்திருக்கவே முடியாது. ஆபீஸ் வெப்சைட்ல அஞ்சு ஸ்டார் போட்டு ஒரு பக்கம் எழுதிட்டேன். உங்க முதலாளி போன் பண்ணி, அதை ஃப்ரேம் போட்டு மாட்டப் போறதா சொன்னார்."

நாற்காலியில் உட்கார்ந்தேன். மாமி மகனிடம் எதையும் சொல்லவில்லை என்று புரிந்தது. வெயிலில் மயக்கம் வந்தது, லீடர் காப்பாற்றினாள், அவ்வளவுதான் அந்த வீட்டுக்குத் தெரியும். நான் வாயைத் திறக்காமல் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். வேலையும் மிஞ்சும், பெயரும் மிஞ்சும். இப்படி இன்னொருவருக்கு நடக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியாது.

சொன்னேன். மாத்திரையை அதட்டிக் கொடுத்ததையும், தொட்டாச்சு என்று சொன்னதையும், படகில் மறுபடியும் சொன்னதையும், வாயில் போனது வெல்லம் மட்டும் இல்லை என்பதையும் ஒன்று விடாமல் சொன்னேன். சாரதியின் முகம் வெளுத்துப் போனது. நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"ஏகாதசின்னா அந்த மாத்திரையை என் ஆத்துக்காரி எடுத்து ஒளிச்சு வெச்சுடுவா. டாக்டரே சொல்லியிருக்கார். நீங்க அதைக் கொடுத்து..." அவரால் முடிக்க முடியவில்லை. "எங்கம்மாவைக் கொன்னிருப்பேளே!"

"ஆமாங்க" என்றேன்.

"அந்த ரிவ்யூவை இப்பவே எடுத்துடறேன். உங்க முதலாளிகிட்டயும் பேசறேன்."

"பேசுங்க. நானும் சொல்லத்தான் போறேன்."

உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது. "சொல்லிட்டாளாடா?"

சாரதி திகைத்துத் திரும்பினார். மாமி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். "முப்பத்திரெண்டு வருஷம் தாவரவியல் எடுத்தவளுக்கு அரிசி தெரியாதா? கையில எடுத்தப்பவே தெரியும்" என்றார். "இவளே வந்து சொல்றாளான்னு பார்க்கத்தான் நான் வாயைத் திறக்கலை. இன்னும் ஒரு வாரம் பார்த்திருப்பேன். அப்புறம் நானே உங்க ஆபீஸ் மாடி ஏறி வந்திருப்பேன்."

"மாமி, உங்க ஏகாதசி..."

"ஏகாதசி போனது போனதுதான். எனக்கு வருத்தம் இல்லேன்னு சொல்லமாட்டேன். அதை நான் பெருமாள்கிட்ட சொல்லிக்கறேன். அவர் படுத்துண்டே கேட்டுப்பார்." குரல் கொஞ்சம் உடைந்தது. "அந்தப் பொண்ணு, என் பின்னாடியே வந்தாளே, அவகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்றது? அவ நீட்டினதை நான் தொடலை. விரலை நீட்டியிருந்தா ஒரு முழுக்கோட போயிருக்கும். நீ எனக்காகப் பொய் சொன்னப்ப, அப்பாடான்னு இருந்ததுடி எனக்கு. பாதி உன் தப்பு, பாதி என் தப்பு."

நான் எழுந்து நின்றேன். அழுகை அப்போதுதான் வழியைக் கண்டுபிடித்து வந்தது. "வரேன் மாமி" என்றேன்.

"இரு." உள்ளே போய் ஒரு தட்டோடு வந்தார். துவாதசித் தளிகை. சாதம், அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி. என் முன்னால் நீட்டினார். அந்தச் சமையலறையிலிருந்து என்னைப் போன்ற ஒருத்திக்கு அவர் கையால் தட்டு நீளும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை, குடிக்க முடியவில்லை. ஆனாலும் கூச்சம் இருக்கிறதே.

"பரவால்ல மாமி. நான் சாப்பிட்டுட்டுதான்..."

சொல்லி முடிக்கவில்லை. வாய் அப்படியே நின்றுவிட்டது. மாமி என்னை உற்றுப் பார்த்தார். சாரதியும் பார்த்தார். தட்டு நீட்டியபடியே இருந்தது.

"தொட்டுட்டாவது போடி" என்றார் மாமி. "உன் பின்னாடி பொட்டலம் கட்டிண்டு கைலாசபுரம் வரைக்கும் வர என் காலுக்குத் தெம்பு இல்லை."

விரலை நீட்டித் தொட்டேன். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன்.